மண்ணில் இருந்தால் மண்புழு

இந்த மனுஷனுக்கு எதைச் சொல்லிப் புரியவைப்பது என்று நினைத்தபடி அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். பூங்கா மணல்தொட்டியின் மண்ணில் குடற்புழு முட்டைகள் கொட்டிக் கிடந்தன. எல்லாம் நாய்க் கழிவு செய்த வேலை. அவள் மகள் தினமும் வீடு கட்டி விளையாடும் மணல் அது. அந்த விரல்களை எத்தனை சாயங்காலம் சிரித்துக்கொண்டே துடைத்துவிட்டிருக்கிறாள்!

"மண்ணுல இருக்கிற புழு மண்புழுதானேம்மா?" என்றார் பூங்கா அதிகாரி. "நல்லதுன்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சோமே!"

"இது வயித்துக்குள்ள போற புழு, சார்."

"போகட்டுமே, வயித்துலயும் வளம் சேரும்!"

மண்ணில் புழு என்று ஊரில் பேச்சு கிளம்பியதுமே, 'மண்புழு நிறைந்த வளமான பூங்கா' என்று பூங்கா வாசலில் பலகையே மாட்டிவிட்டிருந்தார் அவர்.

"நாளைக்குப் பத்திரிகைக்காரங்க வர்றாங்க. உங்க பொண்ணை மணல்ல உக்காரவெச்சு ஒரு படம் எடுப்போம். பரிசோதனை பண்ணவங்க பொண்ணே விளையாடுதுன்னா ஊர் வாய் மூடிடும்."

"உங்க பேரனைக் கூட்டிட்டு வரலாமே, சார்?"

"ஐயையோ, அவனுக்கு மண்ணுன்னாலே ஆகாது!"

அவள் கையுறையைக் கழற்றினாள். சோப்புப் போட்டு, நகக்கண் வரை தேய்த்துக் கழுவினாள்.

"எம் பொண்ணுக்கும் ஆகாது, சார்" என்றாள் மெல்ல.