நத்தைப் பாட்டில் யார் குரல்?

எங்கள் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவருக்குக் 'கண்ணாடிக்காரர்' என்று பெயர் நிலைத்துவிட்டது. கடைக்குப் போனால் கண்ணுக்குக் கண்ணாடி கிடைக்கிறதோ இல்லையோ, காதுக்கு ஒரு கதை கட்டாயம் கிடைக்கும். அதுவும் ஒரே கதைதான். நம் சின்ன வயதில் தொலைக்காட்சியில் வந்ததே, வினைச்சொல் சொல்லித்தரும் கார்ட்டூன், அதில் ஒரு நத்தை நடுரோட்டில் வண்டியை நிறுத்திக்கொண்டு நகரமாட்டேன் என்று அடம்பிடிக்குமே!

*நத்தையாரே நத்தையாரே, சும்மா நின்னா ஆகுமா?*
*வினைச்சொல் ஒண்ணு ஏறாம வாக்கியம்தான் நகருமா?*

"அதைப் பாடின குழந்தை யாருன்னு நெனக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, லென்ஸைத் துடைத்தபடி பதிலுக்குக் காத்திருப்பார். காத்திருப்பது சும்மா ஒரு மரியாதைக்குத்தான்.

அவருக்குக் கல்யாணம் ஆனதே அந்தப் பாட்டால்தான். அச்சகத்தில் பிழை திருத்தும் பெண் ஒருத்தி கண் பரிசோதனைக்கு வந்தாள். எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டே வாய்க்குள் நத்தைப் பாட்டை முணுமுணுத்தாள். "சின்ன வயசுல அந்தக் குரல்னா எனக்கு உயிர்" என்றாள். கண்ணாடிக்காரர் வாயிலிருந்து, "அது நான்தாங்க" என்று வந்துவிட்டது. விழுந்த வார்த்தையை எங்கே பொறுக்குவது? ஆறே மாதத்தில் கல்யாணம்.

உண்மையில் பாடியது அவருடைய அக்கா. அக்காவுக்கு அப்போது ஒன்பது வயது, இவருக்கு ஆறு. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு இவரையும் இழுத்துக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்பு, அந்தக் குரலைத் தனக்கே விட்டுக்கொடுக்கச் சொல்லி அக்காவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அக்கா, பழகுகிறவன் பிரேக்குக்குப் பதில் ஹாரனை அழுத்தினால் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள். "சரி, தொலை. வச்சுக்கோ" என்றாள். அன்றிலிருந்து தம்பி வீட்டில் அவள் ஒரு வரிகூடப் பாடியதில்லை.

இருபத்திரண்டு வருடம் வண்டி இப்படியே ஓடியது. போன வெள்ளிக்கிழமை மனைவியின் தம்பியான மச்சான் வந்தார். கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். குரலும் அதற்கேற்ற மாதிரிதான்.

"மாமா! நத்தைப் பாட்டு கெடச்சிடுச்சு! யாரோ பழைய டேப்பைச் சுத்தம் பண்ணி இன்டர்நெட்டுல போட்டிருக்கான். கடைசியில பேரெல்லாம் வருதாம். நான் இன்னும் பாக்கல. ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேர்ந்து பாப்போம், பெரிய ஸ்பீக்கரோட!"

கண்ணாடிக்காரர் துடைத்த லென்ஸையே மறுபடி துடைத்தார். இத்தனை வருடம் மனைவி தன்னைப் பார்த்த பார்வையெல்லாம் அந்தக் குழந்தைக் குரலைப் பார்த்த பார்வை. பெயர் வந்துவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவது? அன்று மாலை ஒரு வாத்தியாருக்கு வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்து அனுப்பினார். மனிதர் படியில் தடுமாறியதைத் தெருவே பார்த்தது.

அக்காவுக்குப் போன் போட்டார். "ஞாயித்துக்கிழமை மட்டும் இந்தப் பக்கம் வந்துடாதே."

"ஏண்டா, என்ன விசேஷம்? அப்ப கண்டிப்பா வரேன்."

சனிக்கிழமை மனைவியிடமே சொல்லிவிடலாம் என்று போனார். அவள் சிவப்புப் பேனாவோடு அச்சுப்படிகளுக்குள் தலையை விட்டிருந்தாள். பக்க ஓரத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டாள்.

"அது என்ன?"

"தப்புன்னு தெரியுது. ஆனா எழுதினவர் விஷயத்துல நான் கை வைக்கக் கூடாது. குறி போட்டு விட்டுடுவேன். அவரே பாத்துத் திருத்தணும். நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"நாளைக்குப் பால் எத்தனை பாக்கெட் வாங்கணும்னு கேக்க வந்தேன்" என்றார் வீரர்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக் கூடத்தில் எள் போட இடமில்லை. எதிர்வீட்டார், மேல்மாடித் தையல்காரம்மா, கல்லூரியில் படிக்கும் மகள், வாசலருகே கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு அக்கா. ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். நத்தை வந்தது, அடம்பிடித்தது, பாட்டு முடிந்தது. பெயர்கள் மேலே ஏற ஆரம்பித்ததும் கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாடியவர்கள்: பள்ளிக் குழந்தைகள்" என்று மகள் சத்தமாகப் படித்தாள். "அவ்வளவுதானா? பேரே போடலியே!"

போன உயிர் திரும்பி வந்தது. "அந்தக் காலத்துல அப்படித்தாம்மா, நம்மள யாரு மதிச்சா?" என்று பெருமூச்சு வேறு. அத்தோடு எழுந்து தேநீர் கொடுக்கப் போயிருக்கலாம்.

"இருங்க, இருங்க" என்றார் மச்சான். "நடுவுல என்னமோ கேட்டுச்சு. ஸ்பீக்கர் நல்லதா இருந்தா இதான்." பின்னால் தள்ளி, சத்தத்தைக் கூட்டி, மறுபடி போட்டார். நத்தை வண்டியை நிறுத்துகிறது. இசை ஒரு நொடி நிற்கிறது. அந்த இடைவெளியில் ஒரு கீச்சுக் குரல்:

"அக்கா, எனக்கு ஒண்ணுக்கு வருது."

"ஷ்ஷ்! அடக்கிக்கடா!" என்றது இன்னொரு குரல். அடுத்த நொடி அதே குரல், துளியும் பிசகாமல், *நத்தையாரே நத்தையாரே* என்று எடுத்தது.

எல்லாத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பின. அக்கா சாவி சுழற்றுவதை நிறுத்தியிருந்தாள். மகள்தான் முதலில் வெடித்தாள். சிரிப்பு படியிறங்கித் தெருமுனை வரை போனது.

கண்ணாடிக்காரர் மனைவியை மட்டும் பார்த்தார். "பாடினது அக்கா. நான்... கூடப் போனேன்."

"தெரியும்" என்றாள்.

"எப்பலேருந்து?"

"கல்யாணமான ரெண்டாம் நாளே. குளிக்கும்போது பாடினீங்களே."

"அப்ப ஏன் கேக்கல?"

அவள் சுவரில் தொங்கிய கல்யாணப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அடியில் வெள்ளை ஓரத்தில் அவர் கையெழுத்து: 'பாடகனும் ரசிகையும்.' பக்கத்தில், கண்ணாடிக்குள்ளே, கடுகளவு சிவப்புக் கேள்விக்குறி. ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி போட்டவர் இருபத்திரண்டு வருடமாக அதைச் சட்டம் போட்டவன் சிந்திய மை என்று நினைத்திருந்தார்.

"கேட்டுத்தான் இருக்கேன். நீங்கதான் திருத்தல. இவ்வளவு மெனக்கெட்டு ஒருத்தர் பொய் சொல்றாரே, என்னை நல்லா வச்சுப்பாருன்னு நானும் விட்டுட்டேன்" என்று சட்டத்தைப் பிரித்துச் சிவப்புப் பேனாவை நீட்டினாள்.

அவர் 'பாடகனும்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'பாடகியின் தம்பியும்' என்று எழுதினார். அவள் கேள்விக்குறியின் மேல் ஒரு கோடு இழுத்தாள். அப்புறம் நாத்தனார் பக்கம் திரும்பி, "அண்ணி, ஒரு தடவை பாடுங்களேன்" என்றாள். அக்கா பாடினாள். குரல் கட்டையாகிவிட்டது. ஆனால் அதே குரல்தான். மனைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

கண்ணாடிக்காரர் இப்போது திருந்திவிட்டார் என்கிறீர்களா? நேற்றுகூட ஒரு வாடிக்கையாளரிடம், "அந்தப் பாட்டுல என் குரல் வரும் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எந்த இடத்தில் என்று அந்த மனிதர் கேட்டதற்கு, "நடுவுல" என்று சொல்லிவிட்டு லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார்.