சப்ரியின் கையில் மோதிரம்

முப்பது ரமலானாகத் தெருவின் மோதிர ஆட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார் ஊறுகாய்க்கடை சப்ரி. ஒருமுறையாவது மோதிரத்தை அவர் கையில் ஒளித்திருப்பார்களா? கொடுத்தால் போச்சு! காது சிவக்கும், உதடு துடிக்கும். ஓர் அணி யாரோ ஒருவர் கையில் மோதிரத்தை ஒளித்துவைக்க, எதிரணித் தலைவர் முகத்தைப் பார்த்தே அதைக் கண்டுபிடிக்கிற ஆட்டத்தில் இப்படி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்புறம் அந்த நோய் வந்தது. இரண்டே வருடத்தில் முகத்திலும் கையிலும் தோல் தம்பட்டம் மாதிரி இறுகிப்போனது, விரல்கள் மடங்கியே நின்றன. தன் சர்வீசில் இது இரண்டாவது கேஸ் என்றார் டாக்டர், ஏதோ பரிசு விழுந்த மாதிரி. கடையில் ஜோக் சொன்னவர்கள் சப்ரி சிரிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு போனார்கள். அதுதான் அவரைத் தின்றது.

அணித்தலைவர் ஷௌக்கத்துக்கு மட்டும் ஒரே குஷி. "டேய், இந்த மூஞ்சிய எவன்டா படிக்க முடியும்? இன்னிக்கு மோதிரம் உனக்குத்தான்!"

நோன்பு திறந்தபின் தெருவே கூடிவிட்டது. இரண்டு அணியும் பத்தொன்பது புள்ளி, இன்னும் ஒன்று எடுத்தால் வெற்றி. போர்வைக்கடியில் ஷௌக்கத் சப்ரியின் விரல்களுக்குள் மோதிரத்தைத் திணித்தார். சப்ரியின் நெஞ்சு படபடவென்று அடித்தது. முகம்? ஊஹூம்.

எதிரணித் தலைவர் ஹாஜி முத்லக் பலே ஆள், மூச்சை வைத்தே பிடித்துவிடுவார். காலி என்று அவர் சொன்ன கையில் மோதிரம் இருந்தால்தான் அவருக்குத் தோல்வி. சப்ரியின் முன் நின்றவர் உச்சுக்கொட்டினார். "பாவம், இவருகிட்ட போயா குடுப்பாங்க? ரெண்டு கையும் காலி. திறங்க அண்ணே."

சப்ரியின் ஆட்கள் துள்ளிக் குதித்தார்கள். ஆனால் கை திறந்தால்தானே! ஷௌக்கத் ஒரு விரலைப் பிடித்து இழுத்தார்.

"ஐயோ, விடுய்யா!" என்று அலறினார் சப்ரி.

"மோதிரத்தக் காட்டுங்க, இல்லாட்டி புள்ளி எங்களுக்கு," என்றார் முத்லக்.

வாசலில் நின்ற சப்ரியின் மனைவி பத்ரியா ஒரு கிண்ணம் வெந்நீரோடு வந்தாள். "தள்ளுங்கய்யா. தினம் காலையில நான் பண்ற வேலைதான் இது." கையை நீரில் வைத்து விரல் விரலாக நீவினாள். நாற்பது ஆண்கள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். மோதிரம் டங்கென்று கிண்ணத்தில் விழுந்தது.

சப்ரியைத் தோளில் தூக்கி ஆடினார்கள். முத்லக்குக்கு மனசே ஆறவில்லை. "ஜெயிச்ச மனுஷன் கொஞ்சம் சிரிக்கக்கூட மாட்டேங்கறாரே!"

"சிரிச்சுக்கிட்டுதான் இருக்காரு ஹாஜி. ரொம்ப நேரமா," என்றாள் பத்ரியா.

முத்லக் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். "எங்க, தங்கச்சி? எதை வச்சு சொல்றே?"

"சொல்லுவேனா? அடுத்த ரமலானுக்கும் அவர் ஆட வேண்டாமா?"