தலையைப் பிடி, வாலை இழுக்காதே

வடகடல் பொங்கி மேய்ச்சல் நிலத்தை மூடிவிட்டால், அந்தத் தீவில் மேட்டு வீடுகள் மட்டுமே நீருக்கு மேலே நிற்கும். ஆடுகளைக் கொட்டிலில் அடைத்தபின் செய்வதற்கு வேலை எதுவும் இராது. ஆகவே, மூன்று மேடுகளிலிருந்து மூன்று பேர் கணினி வழியே ஸ்காட் சீட்டு ஆடுவார்கள். அன்று பகல் பதினொன்றரை மணிக்குத் தோம்மாவின் திரையில் பத்துச் சீட்டுகள் விரிந்தன. நான்கு ஜாக்கிகளும் இருந்தன. மற்ற ஆறும் கிளாவர், ஏஸிலிருந்து எட்டு வரை, ஒன்றுவிடாமல்.

அவள் தேநீர்க் கோப்பையை மிக மெதுவாகக் கீழே வைத்தாள்.

எல்லாச் சீட்டுகளையும் எதிராளிகளுக்கு விரித்துக் காட்டிவிட்டு, ஒரு பிடியும் விடாமல் வெல்லும் ஆட்டத்துக்குக் கிராண்ட் ஊவேர் என்று பெயர். பெரும்பாலோர் அதைக் காணாமலே கண்ணை மூடுகிறார்கள். கண்டவரின் சீட்டுகளை, எதிராளிகள் இருவரும் சாட்சிக் கையெழுத்திட, கண்ணாடிச் சட்டம் போட்டு விடுதிச் சுவரில் மாட்டுவார்கள். தோம்மாவின் தந்தை அறுபது ஆண்டுகள் ஆடியும் அவருக்கு அது வாய்க்கவில்லை.

அறிவிக்கும் முன் அவள் வயர்லெஸ் அலையின் அளவைத் திரையில் பார்த்தாள். மூன்று கோடுகளில் ஒன்றுதான் எரிந்தது. நடுவில் தொடர்பு அறுந்தால் என்ன ஆவது? ஆண்டெனாக் கம்பி தளர்ந்திருக்கும், கழற்றி மறுபடி அழுத்தினால் போதும் என்று எண்ணி வயர்லெஸ் பெட்டியைத் திறந்தாள். கம்பியைப் பிடித்து இழுத்தாள்.

கம்பியோடு கனெக்டரும் வந்தது. கனெக்டரோடு பலகையின் செப்புத் திட்டும் பெயர்ந்து வந்தது.

பெட்டியின் மூடியில் அவள் கையெழுத்திலேயே ஒட்டியிருந்தது: ‘தலையைப் பிடி, வாலை இழுக்காதே.’

தீவின் மூன்று பெட்டிகளும் அவள் கைவேலை. அக்கரையில் யாரோ கழித்துப்போட்ட வயர்லெஸ் பலகைகளைச் சாக்கோடு வாங்கிவந்து உயிர் கொடுத்தவள் அவள். கடுகைவிடச் சற்றே பெரிய அந்தக் கனெக்டர்தான் தலை; அது குழந்தைச் சட்டையின் அமுக்குப் பொத்தானைப் போல நேராக ஏறி நேராக இறங்க வேண்டியது. செத்த பலகையிலிருந்து அதைப் பெயர்த்து, உயிருள்ள பலகையில் பதிப்பாள். ஈராண்டுகளுக்கு முன், ஆட்டத்தில் ஒருவனான படகோட்டி இங்வெர் அந்தப் பொறுமை இல்லாமல் கம்பியையே நேராகப் பலகையில் ஈயம் வைத்து ஒட்டிவிட்டான். தோம்மா அந்தப் பலகையைப் பிடுங்கி, ‘இங்வெரின் ஒட்டு’ என்று எழுதி, விடுதிச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள்.

தொலைபேசி ஒலித்தது. விடுதிக்கார நாமன், ஆட்டத்தை நடத்துபவனும் அவனே.

“என்ன தோம்மா, ஆளையே காணோம்? சீட்டு அவ்வளவு மோசமா?”

“லைன் போயிடுச்சு.”

“கம்பிய கிம்பிய இழுத்தியா?”

“காத்துப்பா, காத்து.”

“சரி, மிஷின் ஒரு மணி நேரம் பாக்கும். அப்புறம் இந்தக் கையக் கலைச்சிடும்.”

“இன்னிக்கு ஒரு நாள் ரெண்டு மணி நேரமா வையேன்.”

“வைக்கலாம். ஆனா ஒரு மணி நேரம்தான்னு சட்டம் போட்டதே நீதானம்மா. போன மாசம் ஆடு பிடிக்கப் போன இங்வெர் எப்படிக் கெஞ்சினான். நீ விட்டியா?”

தன் சீட்டுகள் என்னவென்று தோம்மாவால் சொல்லவும் முடியாது. அறிவிக்கும் முன் கையைச் சொல்வது ஆட்டமுறைக்கு விரோதம். கலைந்தபின் சொன்னாலோ, ஒருவரும் நம்பமாட்டார்கள்.

உதிரிக் கனெக்டர் டப்பாவைத் திறந்தாள். காலி. கடைசிக் கனெக்டரைச் செவ்வாய்க்கிழமைதான் நாமனின் பலகையில் பதித்திருந்தாள். சாக்கைக் கவிழ்த்து, முப்பத்தொரு பலகைகளையும் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். முப்பத்தொன்றும் தலையில்லாதவை. மணி பன்னிரண்டு ஆகிவிட்டது.

எஞ்சியது ஒரே வழி. வெளியே கடலையும் நாரைகளையும் தவிர யாரும் இல்லை. இருந்தாலும் அவள் திரைச்சீலையை இழுத்து மூடினாள்.

கம்பியின் நுனியை வெட்டி, மயிரிழை போன்ற உட்செம்பை வெளியே எடுத்தாள். பலகையின் பச்சைப் பூச்சைக் கத்திமுனையால் சுரண்டி, செப்புக் கோட்டைக் கண்டுபிடித்தாள். முதல் முறை ஈயம் வழிந்து உட்செம்பையும் வெளிப்பின்னலையும் ஒன்றாக்கிவிட்டது. உருக்கி எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி வைத்தாள். பன்னிரண்டு இருபத்தாறுக்கு விளக்கு எரிந்தது. ஒன்றல்ல, மூன்று கோடுகள்.

கிராண்ட் ஊவேர் என்று அறிவித்தாள். மூன்று திரைகளிலும் பத்துச் சீட்டுகள் விரிந்தன. பத்துப் பிடியும் அவளுக்கே. ஐந்து நிமிடம் கழித்து இங்வெர் அழைத்தான்.

“தோம்மா, சாட்சிக் கையெழுத்துப் போடறேன். ஆனா ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.”

“உங்கிட்ட கனெக்டர் தீந்துபோச்சுன்னு நாமன் சொன்னானே. அப்புறம் லைன் எப்படி வந்துச்சு?”

அவள் பெட்டியின் மூடியை எடுத்து மூடினாள்.

“வாலை இழுத்தியா?”

பொய் சொல்லலாம். ஆனால் பொய்யோடு வாங்கிய கையெழுத்தின் கீழே உட்கார்ந்து அவளால் பீர் குடிக்க முடியாது.

“இழுத்தேன்.”

“அப்புறம்?”

“நேரா ஒட்டினேன்.”

அவன் சிரித்திருந்தால் தேவலை. “ஈயம் வழியாம எப்படி வச்சே?” என்று அக்கறையாகக் கேட்டான். “எனக்கு அங்கதான் சொதப்பிச்சு.”

நீர் வடிந்ததும் இங்வெரின் பலகை அவனோடு வீட்டுக்குப் போயிற்று; அந்த ஆணியில் தோம்மாவின் கண்ணாடிச் சட்டம் ஏறியது. அவள் ஒட்டிய பலகை செத்ததும் சட்டத்தின் கீழே மாட்டப்படும் என்று முடிவாகி, நாமன் அதற்கும் ஓர் ஆணியை அடித்துவைத்தான்.

அதன்பின் இரண்டு சாக்குப் பலகைகள் வந்துவிட்டன. ஆனால், ஓடுகிற பெட்டியில் கை வைக்கக்கூடாது என்பது தோம்மாவின் இன்னொரு சட்டம். அந்தப் பலகையோ சாகிற வழியைக் காணோம்.

“நோயாளி எப்படி இருக்கார்?” என்று வெள்ளிதோறும் இங்வெர் கேட்பான்.

“மூணு கோடு,” என்பாள் அவள், கடுகடுப்பாக.

ஆணியில் இப்போதைக்கு நாமனின் தொப்பி தொங்குகிறது.