நாற்பத்தைந்து காக்கை இறகுகள்

என் பெண்டாட்டி செல்லக்கனிக்கு அழுக்கைக் கண்டால் ஆகாது. ராயபுரத்தில் எங்கள் மளிகைக் கடையில் மிளகாய் மூட்டைக்குக்கூட தினம் ஒரு துடைப்பு உண்டு. உடன்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த எங்களுக்குப் பங்குக் கோயிலில் கிடைத்த மரியாதையே அவள் கைத்துணியால் வந்ததுதான். பீடம், குத்துவிளக்கு, பெஞ்சு எல்லாம் அவள் பொறுப்பு. அந்தப் பெருமையில் பாதி என்னுடையது என்று நினைத்துக்கொண்டு நானும் திரிந்தேன்.

ஐம்பத்து நான்காம் வருடம் இத்தாலியிலிருந்து ஐந்து வாத்தியக்காரர்கள் கப்பலில் வந்தார்கள். ஜப்பானுக்குப் போகிற வழியில் சரக்கு இறக்கக் கப்பல் இரண்டு நாள் நின்றது. எங்கள் பங்குச்சாமியாரும் இத்தாலிக்காரர். கையைக் காலைப் பிடித்து, ஒரு சாயங்காலம் கோயிலில் வாசிக்கச் சம்மதம் வாங்கிவிட்டார். முந்நூறு வருடத்துக்கு முந்தைய பாட்டு, அதுவும் அந்தக் காலத்து வாத்தியங்களிலேயே. ஆட்டுக் குடலில் முறுக்கிய நரம்பு கட்டிய பிடில்கள், மரக்குழல், நீளக் கழுத்து வைத்த ஒரு பெரிய வீணை. நடுவில் ஹார்ப்சிகார்ட் என்று ஒரு பெட்டி. முன்னால் ஆர்மோனியம் மாதிரி கட்டைகள், உள்ளே வரிசையாகக் கம்பிகள். அதை மட்டும் முதல் நாளே மாட்டுவண்டியில் கொண்டுவந்து கோயிலில் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை செல்லக்கனி கோயிலிலிருந்து வியர்க்க விறுவிறுக்க வந்தாள்.

"இந்தா பாருங்க, பாவம், நாடு விட்டு நாடு வந்த சனங்க. எவனோ ஆகாதவன் அந்தப் பொட்டிக்குச் செய்வினை வச்சிருக்கான். உள்ள மரச்சக்கை வரிசையா நிக்கி, ஒவ்வொண்ணுலயும் காக்கா எறகு! நாப்பத்தஞ்சையும் முள்வாங்கியால புடுங்கி, உப்பு மொளகாயோட அடுப்புல போட்டுட்டேன். நெடியே வரல பாத்துக்கிடுங்க!"

மிளகாய் எரிந்தும் நெடி வரவில்லை என்றால் செய்வினை நிச்சயம் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. ஞானஸ்நானம் வாங்கி மூன்று தலைமுறை ஆகியும் அந்தக் கணக்கு மாறவில்லை. இவளுக்குத்தான் எவ்வளவு நல்ல மனசு என்று நான் பூரித்துப்போனேன்.

மத்தியானம் வாத்தியக்காரர்கள் சுருதி சேர்க்க வந்தார்கள். ஹார்ப்சிகார்ட் வாசிப்பவர் பியரினா என்ற ஐம்பது வயது அம்மாள். உட்கார்ந்து கட்டையை அழுத்தினார். டொக் என்று மரச்சத்தம் மட்டும் வந்தது. இன்னொன்றை அழுத்தினார். அதுவும் டொக். மூடியைத் திறந்து பார்த்தவர் முகம் வெளுத்துவிட்டது. சாமியார் விளக்கியபோதுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. கட்டையை அழுத்தினால் மரச்சக்கை எழும்பும். அதில் செருகிய இறகுத் துண்டுதான் கம்பியைச் சுண்டும். இறகு இல்லையென்றால் அது வெறும் பலகை.

"காலையில் இதை யார் தொட்டது? வெள்ளத்துரை, உங்களுக்குத் தெரியுமா?" என்று சாமியார் என்னைக் கேட்டார்.

கோயில் கமிட்டி ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். "தெரியாது சாமி" என்றேன். செல்லக்கனியைப் பார்த்து வாயைத் திறக்காதே என்று கண்ணைக் காட்டினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றும் என்னால் தாங்க முடியாது.

"நாந்தான் சாமி" என்று முன்னால் போனாள். அடுப்பு, மிளகாய், ஒன்றையும் மறைக்கவில்லை. கமிட்டியில் ஒருவர் சிரித்தார்.

பியரினா அம்மாள் கத்துவார் என்று நினைத்தேன். அவரோ சக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

"ஒரு சக்கைகூட இடம் மாறவில்லை, ஒன்றில்கூட கீறல் இல்லை. இவ்வளவு சுத்தமாகப் பிடுங்கிய கைதான் திரும்பச் செருகவும் வேண்டும் என்கிறார்" என்றார் சாமியார். "ஆனால் கைவசம் நாலு இறகுதான் இருக்கிறதாம். காக்கையின் இறக்கையில் உள்ள தடித்த இறகுகள் வேண்டும். ஆறு மணிக்குள்."

செல்லக்கனி ஓடினாள், நானும் பின்னால் ஓடினேன். காசிமேட்டில் எங்கள் கடைக்குக் கருவாடு போடும் குப்பம்மாவின் களத்தில், மீன் மேல் காக்கை இறங்காமல் இருக்கக் காக்கை இறகுகளைக் கோத்துக் கயிறு கட்டியிருப்பார்கள். தன் இனத்தின் இறகு தொங்கினால் காக்கை கிட்டே வராது.

"எறகுதானே, எட்த்துக்கினு போ" என்றாள் குப்பம்மா. "ஆனா கவுறு பூட்ச்சின்னா என் மீனை காக்கா தூக்கிகினு பூடும். ஆரு பாத்துப்பா? நைனாவ வுட்டுட்டுப் போ" என்று என்னைக் காட்டினாள்.

சாயங்காலம் வரை வெயிலில் கழியோடு நின்று கடை முதலாளியான நான் காக்கை விரட்டினேன். வேண்டும் எனக்கு.

மீனை அள்ளி மூடிவிட்டு நான் கோயிலுக்குள் நுழைந்தபோது ஆறு தாண்டிவிட்டது. மேலெல்லாம் கருவாட்டு வாடை. கடைசித் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். செல்லக்கனி பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள், கையில் முள்வாங்கியும் ஒரு பேனாக்கத்தியும். மூன்று மணி நேரம் அவளும் பியரினாவும் பாஷை தெரியாமலே எதிரெதிரே குனிந்து இறகைச் சீவினார்களாம்.

வாசிப்பு தொடங்கியது. முதலில் இவ்வளவுதானா என்றிருந்தது, சத்தம் அத்தனை சின்னது. பிறகு முந்நூறு பேரும் தாங்களாகவே மூச்சை அடக்கினார்கள். பெட்டியிலிருந்து தகரக் கூரையில் முதல் தூறல் போலச் சொட்டுச் சொட்டாக ஓசை விழ, குடல் நரம்புப் பிடில்கள் அதன் மேல் மனிதக் குரலில் பேசின. நடத்துகிறவர் என்று யாரும் இல்லை. ஒருவர் மூச்சு இழுத்தால் ஐந்து பேரும் இழுத்தார்கள். இத்தனை வயதுக்கு அப்படி ஒரு ஒற்றுமையை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை, என் வீட்டில் உட்பட.

நடுவில் ஒரு கட்டை ஊமையானது. பியரினாவின் கை நிற்கவில்லை. பாட்டு முடிந்ததும் செல்லக்கனி குனிந்து அந்தச் சக்கையை உருவி, புது இறகு செருகி, கத்தியால் ஒரு சீவல் சீவித் திரும்ப வைத்தாள். சுண்டிப் பார்த்த பியரினா தலையாட்டினார். மத்தியானம் சிரித்த கமிட்டிக்காரர் எட்டி எட்டிப் பார்த்தார்.

முடிந்ததும் கோயிலே அதிரக் கைதட்டினார்கள். நாலு பேரும் எழுந்து குனிந்தார்கள். பியரினா மட்டும் செல்லக்கனியின் கையைப் பிடித்து இழுத்து வரிசையில் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அவளுக்குக் குனியத் தெரியவில்லை, கைகூப்பினாள். முன் பெஞ்சில் ஒரு வெளியூர்க்காரர், "யார் இந்த அம்மா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

யாரும் பதில் சொல்வதற்குள் நான் தூணை விட்டு நடுவழிக்கு வந்துவிட்டேன்.

"அவ என் பொஞ்சாதிங்க!" என்றேன். கோயில் முழுக்கக் கேட்டது. "பேரு செல்லக்கனி. காலைல அந்த எறகைப் புடுங்குனது அவதான், எனக்குத் தெரியும். தெரியாதுன்னு சாமிகிட்ட பொய் சொன்னவன் நான்."

கைதட்டல் நின்றுவிட்டது. அத்தனை பேருக்கு நடுவில் செல்லக்கனி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.