கடைசிப் பை

கடைசிப் பையை டிக்கியில் வைத்து மூடிவிட்டால் கதை முடிந்தது. அதற்கப்புறம் தங்கிப்போகிற பார்ட்டிக்கு உன் முகம்கூடத் தெரியாது. வெந்நீர் சுமந்து ஊற்றியவன், பிள்ளை வாந்தியெடுத்த கம்பளியை அலசிப் போட்டவன், மழையில் மாத்திரை வாங்க ஓடினவன் எல்லாரும் அந்த டிக்கி மூடுகிற சத்தத்தோடு செத்துப்போவார்கள். அதனால்தான் அபுபக்கர் கடைசிப் பையை இறக்கி வைப்பதே இல்லை.

பெரிய பெட்டிகளையெல்லாம் ஏற்றிவிடுவார். வீட்டம்மாவின் கைப்பையோ, பிள்ளையின் பால்புட்டிப் பையோ, ஏதாவது ஒன்றை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு கார்க் கதவுக்குப் பக்கத்தில் நிற்பார். வாய் திறந்து கேட்க மாட்டார். சிரிக்கவும் மாட்டார். பையை வாங்க ஒரு கை நீளும். இன்னொரு கை தானாகச் சட்டைப் பாக்கெட்டுக்குப் போகும்.

ஊட்டியில் ஒரு லாட்ஜில் ரூம்பாயாக இருந்த காலத்தில் கற்றுக்கொண்டது இது. அந்த லாட்ஜ் பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு வரி அச்சடித்திருக்கும். பார்ட்டிகள் அதைக் காட்டி, "உங்களுக்குத்தான் இதுலயே கட்டியாச்சேப்பா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறுவார்கள். ரூம்பாய்கள் கைக்கு அது ஒரு நாளும் வந்ததில்லை. முதலாளியிடம் கேட்டால், உடைந்த கண்ணாடி டம்ளருக்குச் சரியாகப் போய்விட்டது என்பார். ஊட்டியில் இருக்கிற டம்ளர் மொத்தமும் உடைந்தாலும் அவ்வளவு ஆகாது. அன்றைக்கே அபுபக்கர் முடிவுகட்டினார். அச்சடித்த காசு எவன் கைக்கும் வராது. கையில் விழுவதுதான் காசு, அதுவும் போகிறபோது விழ வேண்டும். முன்னாடியே கொடுப்பவன் உன்னை விலைக்கு வாங்கப் பார்க்கிறான். 'அப்புறம் கவனிச்சுக்கறோம்' என்பவன் பொய் சொல்கிறான்.

இப்போது குன்னூரில் ஒரு காட்டேஜில் காவல், சமையல், ரூம் வேலை எல்லாம் அவர்தான். காட்டேஜ் ரோட்டுக்குக் கீழே, தேயிலைச் சரிவில் இருக்கிறது. கார் மேலேயே நின்றுவிடும். பெட்டிகளைப் படியில் சுமந்து இறக்க வேண்டும், போகும்போது சுமந்து ஏற்ற வேண்டும். இந்த மலைக்கு வருகிறவர்கள் ஏனோ வீட்டையே பெட்டியில் அடைத்துக்கொண்டு வருகிறார்கள். அவருடைய வலது முழங்கால் போன குளிர்காலத்திலேயே கைவிட்டுவிட்டது. ராபியா ராத்திரியில் தைலம் தேய்த்தபடி, "இலியாசுக்குக் கப்பல்ல இருந்து அடுத்த கூப்பாடு வந்ததும் இந்த எழவு வேலைய விட்டுப்போடுங்க" என்பாள். அவரும் அதைத்தான் நினைத்திருந்தார்.

இலியாஸ் அவர்களுடைய ஒரே மகன். பெரிய உல்லாசக் கப்பலில் கேபின் சுத்தம் செய்கிற வேலை. அந்த வேலையில் நிரந்தரம் என்று எதுவும் கிடையாது. ஒப்பந்தம் முடிந்ததும் இறக்கி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். திரும்பக் கூப்பிட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டால் அவன் மேல் உத்தியோகத்துக்குப் போய்விடுவான், அபுபக்கர் பெட்டி தூக்குவதை நிறுத்திவிடலாம். வீட்டில் எல்லாருடைய மூச்சும் அந்தக் கூப்பாட்டில்தான் இருந்தது.

போன வருஷம் சீசனில் சாந்தாமணியம்மா வந்தார். கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு கடை வைத்திருக்கிற குடும்பம். வருஷம் தவறாமல் மே மாதம் இதே காட்டேஜ்தான். வரும் வழியில் பர்லியாரில் பழம் வாங்கிக்கொண்டு வந்து அபுபக்கருக்கும் இரண்டு கொடுப்பார். கூடவே மகன் தரணிதரன், அவன் பெண்டாட்டி, பிள்ளைகள்.

"ஏனுங்க பாய், தீவாளி லீவுக்கு நாங்க கப்பல்ல போறோம். எந்தக் கப்பல்னு சொல்லுங் பாக்கலாம்."

"எனக்கென்னங்கம்மா தெரியும்?"

"உங்க பையன் இருக்கற கப்பலுங்க! நீங்க சொல்லிச் சொல்லித்தான் இவனுக்கும் ஆசை வந்துருச்சு. தெரிஞ்ச பையன் அங்க இருந்தா நமக்கும் ஒரு தைரியம் பாருங்க. அவன் பாக்கற வரிசையிலயே ரூம் கேட்டு வாங்கிட்டோம்."

அபுபக்கருக்கு உள்ளே பூரித்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

தரணிதரன் போனை நோண்டிக்கொண்டே கேட்டான். "பாய், ஒரு சந்தேகம். ரூம் பாக்கறவங்களுக்கு டிப்ஸ் இப்பவே கட்டிருங்கறான். கட்டாட்டி கப்பல்ல தினமும் கணக்குல ஏத்துவானாம். வேண்டாம்னா அங்க கவுண்டர்ல சொல்லிக் கணக்குல இருந்து எடுத்துரலாமாம். முன்னாடியே கட்டறதா, எப்படி? நீங்க இதுலயே பழம் தின்னு கொட்டை போட்டவரு."

"கட்டாதீங்க" என்றார் அபுபக்கர். யோசிக்கவே இல்லை. "கம்பெனி வாய்ல போட்டா திரும்பி வராதுங்க சார். டம்ளர் ஒடஞ்சதுக்குச் சரியாப் போச்சும்பான். கணக்குல ஏத்துனா எடுக்கச் சொல்லிப்போடுங்க. எறங்கற அன்னிக்கு, பையக் குடுக்கறப்ப, அவன் கைல குடுங்க. அதுதான் அவனுக்குச் சேரும்."

"பாத்தியா, விவரமான ஆளு" என்றார் சாந்தாமணியம்மா.

அன்றைக்கு ராத்திரி ராபியாவிடம், மகனுக்கு நல்ல காரியம் ஒன்று செய்துவிட்டு வந்ததாகச் சொல்லிக்கொண்டே காலை நீட்டினார்.

கப்பல் போய்வந்த செய்தியெல்லாம் அவருக்கு வரவில்லை. வருஷக் கடைசியில் இலியாஸ்தான் வந்தான். மெலிந்திருந்தான். கூப்பாடு தையில் வரும் என்றான். தை போனது, மாசி போனது. கப்பலுக்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்டுக்குப் போன் போட்டால் பாப்போம் என்பான், அப்புறம் எடுப்பதையும் விட்டுவிட்டான். பங்குனியில் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே இலியாஸ் சொன்னான்.

"ஒரு கேபின்ல கம்ப்ளெயிண்டு குடுத்துட்டாங்க அத்தா. ரூம் சுத்தமில்லைன்னு. யாருன்னு சூப்பர்வைசர் சொல்லல. எனக்குத் தெரியும், அந்தக் கண்ணாடி போட்ட வெள்ளக்காரக் கெழவிதான். தலகாணிய மாத்தி மாத்திக் கேட்டவ. அவ காலுக்குச் செருப்பெடுத்துக் குடுத்தேன் நான். நாசமாப் போக."

"கோயமுத்தூர்க்காரங்க வந்தாங்களேடா, அவங்க கைல குடுத்தாங்களா?"

"அவங்க நல்ல மனுசங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி வர்க்கி பிஸ்கட்டு வாங்கிட்டு வந்து குடுத்தாங்க."

ஊட்டிக்காரனுக்கு ஊட்டி வர்க்கி. அபுபக்கருக்கு அப்போதே ஏதோ இடித்தது. ஆனால் வெள்ளைக்காரக் கிழவியைத் திட்டுவது சுலபமாக இருந்ததால் அவரும் சேர்ந்து திட்டினார்.

மே மாதம் சாந்தாமணியம்மா குடும்பம் மறுபடி வந்து இறங்கியது. அப்பனுக்குக் கால் முடியவில்லை என்று இலியாஸ்தான் பெட்டிகளைத் தூக்கினான்.

"அட, இலியாசு! லீவுல வந்திருக்கியா சாமி?"

"ஆமாங்கம்மா" என்றான் அவன். வேறென்ன சொல்வான்.

டீ வைத்துக் கொண்டுபோன அபுபக்கரிடம் அந்தம்மா போனில் படம் காட்டினார். கட்டில்மேல் துண்டை மடித்துச் செய்த யானை. அடுத்ததில் அன்னம். "எல்லாம் நம்ம இலியாசு பண்ணுனது. தெனமும் ஒண்ணு. பிள்ளைக கலைக்கவே விடல. நீங்க சொன்ன மாதிரியே அந்த டிப்ஸையும் எடுத்துட்டோமுங்க. நல்ல மிச்சம்."

"எறங்கறப்ப அவன் கைல குடுத்தீங்களாம்மா?"

"அதெப்படிங்க பாய்? அவன் நம்ம ஊட்டுப் பையனாட்ட. அவனுக்குப் போயி டிப்ஸ் நீட்டுனா நல்லாவா இருக்கும்? அதான் வர்க்கி குடுத்தோம்."

அபுபக்கர் டீத் தட்டைக் கீழே வைத்தார். "எடுக்கச் சொன்னதும் எடுத்துட்டானுங்களா?"

தரணிதரன் சிரித்தான். "எங்க எடுத்தான்! கவுண்டர்ல ஒரு பொண்ணு, காரணம் சொல்லுங்கன்னு நிக்குது. பின்னால நின்ன ஆளு ஐடியா குடுத்தாரு, ரூம் கிளீன் சரியில்லைன்னு சொல்லுங்க, மறுபேச்சு பேச மாட்டாங்கன்னு. சொன்னேன். ஒரே நிமிசம்."

வாசலில் கம்பளிகளை அடுக்கிப் பிடித்துக்கொண்டு இலியாஸ் நின்றிருந்தான்.

"அதுக்குத்தான் அவன் இங்க பெட்டி தூக்கறானுங்க" என்றார் அபுபக்கர். "லீவும் இல்ல, ஒண்ணும் இல்ல. கம்ப்ளெயிண்டுன்னு வேலைக்குக் கூப்பிடாம விட்டுட்டான்."

தரணிதரன் முகம் சுருங்கியது. "ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க பாய். இவன் பேரெல்லாம் நான் சொல்லவே இல்ல."

"ரூம் நம்பர் சொன்னீங்கல்ல சார்" என்றான் இலியாஸ். "அது போதுங்க."

சாந்தாமணியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க பாய், கட்டாதீங்கன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? எடுத்துப்போடுங்கன்னு சொன்னதும் நீங்கதான். நாங்க கட்டறதுக்குத்தான கேட்டோம்?"

அந்தம்மா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

இலியாஸ்தான் பேசினான். "சார், தப்பாச் சொல்லிட்டோம், ரூம் நல்லாத்தான் இருந்துச்சுன்னு கம்பெனிக்கு ஒரு மெயில் போடறீங்களா? இன்னும் நேரம் இருக்குங்க."

"கண்டிப்பா போடலாம். ஊருக்குப் போயி நிதானமா எழுதறேன். கவனிச்சுக்கறேன் இலியாஸ்."

சமையல்கட்டில் அபுபக்கர் அடுப்பைப் பார்த்தபடி நின்றார். "கைல குடுப்பாங்கன்னு நெனச்சேன்டா. பையக் குடுக்கறப்ப..."

"கப்பல்ல கடைசிப் பையே கெடையாதுங்க அத்தா. மொத நாள் ராத்திரியே பெட்டியெல்லாம் ரூமுக்கு வெளிய வெச்சிருவாங்க. வேற ஆளுக வந்து அள்ளிட்டுப் போயிருவாங்க. காலைல நான் வந்து பாக்கறப்ப வெறும் கட்டில்தான் கெடக்கும். கம்பெனி கணக்குல ஏத்தற காசுல எங்களுக்கும் பங்கு வரும். ஒரு வார்த்தை என்னக் கேட்டிருக்கலாம்."

கேட்டிருக்கலாம். போன் கையில்தான் இருந்தது. கம்பெனியை நம்பாதவர், கம்பெனியில் வேலை பார்க்கிற மகனையும் கேட்கவில்லை.

கிளம்புகிற அன்று முழங்காலைப் பார்க்காமல் அபுபக்கரே பெட்டிகளை மேலே ஏற்றினார். கடைசியில் தரணிதரனின் லேப்டாப் பை. தோளில் மாட்டிக்கொண்டு கார்க் கதவருகே நின்றார். தரணிதரன் கை பாக்கெட்டுக்குப் போனது. எந்த வருஷமும் கொடுக்காத அளவுக்கு எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து மூடினான்.

அபுபக்கர் பையை விடவில்லை.

"அந்த மெயில இங்கயே எழுதிருங்க சார்."

"ரோட்டுல நின்னுட்டா? சிக்னலே இல்லைங்க பாய்."

"எறக்கத்துல கெடைக்காது. இங்க கெடைக்குமுங்க. எழுதிட்டு வாங்கிக்குங்க."

"பாய், பையக் குடுங்க. பிள்ளைக கார்ல காத்திருக்குது." குரல் மாறியிருந்தது. காருக்குள்ளிருந்து சாந்தாமணியம்மா, "என்ன பாய் இது, இத்தன வருசம் பழகுன மனுசனாட்டமா நிக்கறீங்க?" என்று எட்டிப் பார்த்தார்.

அப்போது படியேறி வந்த இலியாஸ் அப்பனின் தோளிலிருந்து வாரைக் கழற்றினான். அபுபக்கர் இறுக்கிப் பிடித்தார். அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பையை எடுத்து டிக்கியில் வைத்து மூடினான்.

"போயிட்டு வாங்க சார்."

கார் வளைவில் மறைந்தது.

"ஏன்டா வுட்ட? எழுதியிருப்பான்டா."

"எழுத மாட்டாருங்க. பொய் சொன்னேன்னு எந்த மனுசன் தானா எழுதிக் குடுப்பான்? இன்னுங் கொஞ்ச நேரம் நீங்க பையப் பிடிச்சிருந்தா, திருடன்னு போலீசுக்குத்தான் எழுதியிருப்பாரு."

அபுபக்கர் கையைத் திறந்து பார்த்தார். தூக்கியெறிய மனம் வரவில்லை. மகனிடம் நீட்டினார்.

"எனக்கெதுக்குங்க?" என்றான் இலியாஸ். "எனக்குத்தான் வர்க்கி குடுத்தாங்களே."

மத்தியானம் சேலத்துப் பார்ட்டி வரவிருந்தது. கட்டில்களில் விரிப்பு மாற்ற அவன் படியில் இறங்கிப் போனான். அபுபக்கர் காசை உள்பாக்கெட்டில் செருகிக்கொண்டு, கைப்பிடிக் கம்பியைப் பற்றி, நோகிற காலை முதலில் வைத்து இறங்கத் தொடங்கினார்.