ஐந்தாம் மாதத்தில் இரண்டு கோடு

2014 மார்ச் 11, கிர்கிஸ்தானின் நரின் மாகாணம். ஒரு மாவட்ட மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவில் இருந்த சல்கின் என்ற இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்குச் செய்த கர்ப்பப் பரிசோதனையில் இரண்டு கோடுகள் தெரிந்தன.

பிள்ளை பெற்று ஐந்து மாதம். பிறந்த சில நாளில் வைத்த தொட்டில் விருந்து முடிந்த மறுநாளே கணவன் மாஸ்கோவுக்கு வேலைக்குப் போய்விட்டான்.

சோதிக்கச் சொன்னவர் மகப்பேறு மருத்துவர் குந்தூஸ். உதிரப்போக்கு நிற்கவில்லை என்று பார்க்க வந்தவர், சல்கினின் இருமலைக் கேட்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். அதே இருமல். ஏழு ஆண்டுகளாக அது அவரை விடவில்லை. தேநீர் கொதிக்கையில் கேட்கும், பக்கத்து அறையில் யாராவது நாற்காலியை இழுத்தால் கேட்கும்.

மாமியார் உல்கான் பரிசோதனைப் பட்டையைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"எம்புள்ள அங்க பனியில செங்கல் சுமக்கிறான். இங்க உனக்கு ரெண்டு கோடா? டி.பி. வார்டுக்குள்ள எவன்டி வந்தான்?"

"அத்தை, சத்தியமா..." சல்கின் இருமினாள். கைக்குட்டை சிவந்தது.

"பிள்ளை பெத்தவ நுரையீரலை அல்பார்ஸ்டிப் பேய் பறிச்சிட்டுப் போயிருச்சுன்னு அழுதேனே! நீ பேயையே வித்துருவ. எந்திரி, உங்கம்மா வீட்டுக்குப் போ."

குந்தூஸ் சல்கினின் வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்து, திரையை உல்கான் பக்கம் திருப்பினார். "பிள்ளை எங்க இருக்கு, காட்டுங்கம்மா."

உல்கான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ஒண்ணையும் காணோமே."

"இல்லாததை எப்படிக் காண்பீங்க? பிரசவத்துல மிஞ்சின நஞ்சுக்கொடித் திசு புற்றுநோயாகி நுரையீரலுக்கு ஏறியிருக்கு. அபூர்வமா வரும். கர்ப்பம் மாதிரியே கோடு காட்டும். பிஷ்கெக்குல ரத்தத்தைப் பார்த்து உறுதி பண்ணி மருந்து ஏத்தினா பிழைப்பா. இன்னைக்கே போகணும்."

"இவளைக் காப்பாத்தப் பொய் சொல்றீங்க, டாக்டரம்மா."

குந்தூஸ் தன் அறைக்குப் போய், மேசை இழுப்பறையிலிருந்து பழைய எக்ஸ்ரே ஒன்றை எடுத்துவந்தார். சல்கினுடையதையும் அதையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்தார். இரண்டிலும் ஆலங்கட்டி விழுந்தாற்போல் வெள்ளை உருண்டைகள்.

"இது யாரோடது?"

"ஏழு வருஷத்துக்கு முன்னால பெகாயிம்னு ஒருத்தி. இதே இருமல். அவளுக்கும் பிள்ளை பிறந்து நாலு மாசம். டி.பி.ன்னு கையெழுத்துப் போட்டு இதே வார்டுக்கு அனுப்பினது நான்தான். நாப்பது நாள்ல போயிட்டா. அவளுக்கும் இதேதான்னு பிறகுதான் எனக்குப் புரிஞ்சுது."

உல்கான் தன் கம்பளிச் சால்வையை அவிழ்த்து மருமகளின் இடுப்பில் இறுக்கிக் கட்டினாள்.

"வண்டி எப்ப வரும்? எம்புள்ளகிட்ட நான் பேசிக்கிறேன்."

பிஷ்கெக்கில் ஆறு சுற்று மருந்து ஏற்றினார்கள். ஆகஸ்டில் ஒரு கோடுதான் தெரிந்தது.

அந்த மாதமே, பெகாயிமின் கோப்பில் இறப்புக் காரணத்தைத் திருத்தக் கோரி குந்தூஸ் விண்ணப்பித்தார். ஆதாரத்துக்குத் திசு எதுவும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோப்பில் காசநோய் என்றே இருக்கிறது.