சிற்சபேசன் வீட்டுக் குடித்தனங்கள்

அம்பத்தூரில் சிற்சபேசன் வீட்டுக் கணினியில் மூன்று இயங்குதளங்கள் குடியிருந்தன. கணினி முழுவதும் தன்னுடையது என்று ஒவ்வொன்றும் நம்பியிருந்தது. அந்த நம்பிக்கை கெடாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

ஏற்பாடு எளிமையானது. கணினி கண்விழிக்கும்போது வரும் நீலத் திரையில் 'மெய்நிகராக்கம்' என்ற வரியை இயக்கிவிட வேண்டும்; ஒரே கணினி பலவாகத் தோன்றும். அதன்பின் ஒன்று ஓடும்போது மற்றவை நிற்கும். தான் நின்றது நின்றதற்கே தெரியாது. விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்தச் சொல்லில் மெய் எவ்வளவு, நிகர் எவ்வளவு என்று சிற்சபேசனுக்கு ஓர் ஐயம் உண்டு. தீர்த்துவைக்க ஆளில்லை.

மூன்றில் மூத்தது அவர் மனைவி மரகதத்துக்காக இருந்தது. பல ஆண்டுகளாக அவள் தொகுத்துவந்த மீன்பெயர் அகராதி, இப்போது யாரும் பயன்படுத்தாத ஓர் எழுத்துருவில் இருந்தது. புதிய தளங்களில் திறந்தால் சுறா முதல் நெத்திலி வரை எல்லாம் ஒரே கிறுக்கல். மூத்ததில் மட்டும்தான் அவை மீன்கள்.

அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய சமயத்தில் மூத்த தளம் தள்ளாடியது. ஒரு பக்கம் திறப்பதற்குள் சோறு வெந்துவிடும். புதியவை இரண்டும் ஓயாமல் தம்மைப் புதுப்பித்துக்கொண்டு அதன் முறையையும் தின்றன. அது ஒருமுறை அணைந்தால் மறுபடி எழாது. அகராதியும் அதோடு போய்விடும்.

"அதுக்குக் கொஞ்சம் நேரம் வேணுங்க, அவ்வளவுதான்" என்றாள் மரகதம்.

"கணினியில் மிச்சமில்லை." சிற்சபேசன் வீட்டிலும் எழுத்து நடையில்தான் பேசுவார்.

"வீட்ல இருக்கா பாருங்களேன்."

பார்த்தார். பிழை திருத்துபவள் அவள். அவள் நேரத்தில் கைவைக்க முடியாது. அவருடையதுதான் கொஞ்சம் சும்மா கிடந்தது. எதற்கு எவ்வளவு நேரம் என்று பிரிக்கும் பங்கீட்டுத் திரையில் தன் பெயரை நான்காவதாகச் சேர்த்து, தன் நேரத்திலிருந்து மூத்ததற்குக் கொடுத்தார்.

இடையிடையே தான் நிற்பது அவருக்குத் தெரியவில்லை. தெரியாது என்பதுதான் ஏற்பாடு. வாயில் வைத்த கவளம் சாம்பாராக இருந்து மோராக இறங்கியது. ஒரு பக்க மீசையைக் கத்தரித்துவிட்டு மறுபக்கம் வருவதற்குள் முதல் பக்கம் வளர்ந்திருந்தது. என்ன கிழமை என்று மரகதத்திடம் கேட்பதை விட்டுவிட்டு, அகராதியில் எந்த மீன் வரை வந்தாயிற்று என்று கேட்கத் தொடங்கினார். கெளுத்தி என்றாள். அடுத்து அவர் கேட்டபோது விலாங்கு என்றாள்.

ஒரு காலை காப்பியை உதட்டருகே கொண்டுபோனார். மேசையில் அச்சான அகராதி இருந்தது. முனை மழுங்கி, அட்டையில் எண்ணெய்க் கறை ஏறியிருந்தது. இரண்டாம் பதிப்பு. முன்னுரையில் அவருக்கு நன்றி சொல்லியிருந்தாள். அந்த வரியில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது.

கொடியில் அவருடையதல்லாத ஒரு கட்டம்போட்ட சட்டை காய்ந்தது. யாருடையது என்று கேட்டார்.

"நீங்க நிக்கறப்போ நாற்காலி சும்மாதானே கிடக்கு. தென்காசிக்காரர் ஒருத்தரைக் குடிவெச்சிருக்கேன், குற்றாலிங்கம்னு பேரு. ஒரு வம்புக்கும் போகமாட்டார்."

"நான் இருப்பது அவருக்குத் தெரியுமா?"

"வீடு முழுக்கத் தன்னோடதுன்னு நினைச்சிட்டிருக்கார். நீங்க எதுவும் காட்டிக்காதீங்க."

காட்டிக்கொள்வதில்லை என்று சிற்சபேசன் ஒப்புக்கொண்டார். காப்பியை ஒரு வாய் குடித்தார். சர்க்கரை தூக்கலாக இருந்தது. தனக்குக் கலந்ததல்ல என்று புரிந்தது. மிச்சத்தை மேசையில் வைத்து, குற்றாலிங்கம் வருவதற்குள் ஆறிவிடாதபடி ஒரு தட்டால் மூடினார்.